ஒண்ணாம் நம்பர் தோல்

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்துகளில் வளர்ந்தவர்களுக்கு மே மாத லீவு என்றால் அமிர்தி, கொஞ்சம் வசதி இருந்தால் ஏலகிரி, இரண்டும் வாய்க்காவிட்டால் சாயங்காலத்தில் கோட்டை மைதானம். ஐரோப்பாவுக்குப் போவதெல்லாம் சி.எம்.சி. டாக்டர்களும் தோல் கம்பெனி முதலாளிகளும் செய்கிற காரியம். அதனால் 2018 மே மாதம் நாங்கள் இத்தாலி போகிறோம் என்று தெரிந்ததும், வெங்காய மண்டிக்காரர் முதற்கொண்டு எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஆபரேஷனா?"

ஆபரேஷன் இல்லை. என் கணவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வாங்கும் பிரிவில் இருக்கிறார். லீனியாபெல்லே என்கிற தோல் கண்காட்சிக்காக இத்தாலிக்கு அடிக்கடி போய் வருவார். ஆனால் அவர் பார்த்த இத்தாலியில் ஏர்போர்ட், கண்காட்சி அரங்கம், தங்கும் ஓட்டல் மூன்றைத் தவிர வேறு ஊர் கிடையாது. "ஒரு தடவையாவது வேலை இல்லாம போகணும்" என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வெளிநாடு போக எங்களுக்குத் துறையின் அனுமதி வேண்டும். அந்தக் கோப்பு நகர்ந்த வேகத்தைப் பார்த்தபோது, ரோமாபுரி ஒரே நாளில் கட்டப்படவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இருக்கவில்லை. அனுமதி வந்தது, விசாவும் வந்தது. பையனுக்கு ஆறாம் வகுப்பு முடிந்திருந்தது. அம்மா போன பிறகு அப்பாவைத் தனியாக விட்டுப் போக மனமில்லை. அவரும் வந்தார்.

அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். மேல்விஷாரத்தில் ஒரு டேனரியில் சிறு வயதில் தொட்டி வேலைக்குச் சேர்ந்து, கடைசி இருபது வருடங்களுக்கு மேல் செலக்‌ஷன் பார்த்தவர். பதனிட்ட தோலை மேசைமேல் விரித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நம்பர் போடுகிற வேலை. உண்ணி கடித்த புள்ளி, முள்வேலிக் கீறல், நுகத்தடி அழுத்திய தழும்பு, நோய்க்காகப் போட்ட சூடு, அம்மை வடு என்று அந்த மாடு வாழ்ந்த வாழ்க்கை முழுக்க அதன் தோலில் இருக்கும். கடைசியாக, உரித்தவன் கை தவறிய கத்தி வெட்டு. இவ்வளவையும் அப்பா சில நொடிகளில் படித்துவிடுவார். ஒரு நம்பர் தவறிப் போனால் முதலாளிக்கு நஷ்டம், இரண்டு நம்பர் தவறினால் அப்பாவுக்கு வேலை போகும்.

ரோமில் அவர் எதையும் ரசிக்கவில்லை. கொலோசியத்தின் வெளியே வெயிலில் நின்று, "நம்ப கோட்டையாவது முழுசா இருக்குது, அகழில தண்ணியும் இருக்குது" என்றார். அது நியாயமான பேச்சுதான். தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரை நாங்களே கிண்டல் செய்வோம். அதில் கடைசியது 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்து அமர்ந்ததோடு தீர்ந்துவிட்டது. மற்ற மூன்றும் அப்படியே.

அடுத்த நாள் வாடிகன். அருங்காட்சியகத்தின் நீளமான கூடங்களில் கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டே போய் சிஸ்டைன் சேப்பலில் விட்டது. எல்லோரும் கூரையைப் பார்த்துக் கழுத்து வலிக்க நின்றார்கள். அப்பா கூரையைப் பார்க்கவில்லை. பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கேலாஞ்சலோ 1536 முதல் 1541 வரை வரைந்த 'இறுதித் தீர்ப்பு'. அதில் ஏசுவின் காலடிக்குக் கொஞ்சம் கீழே வழுக்கைத் தலைக் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் கத்தி. இன்னொரு கையில் உரித்தெடுத்த முழு மனிதத் தோல், துணி தொங்குவது மாதிரி தொங்குகிறது.

"இன்னாம்மா இது?" என்றார் அப்பா.

புனித பர்த்தலமேயு என்று சொன்னேன். உயிரோடு தோலை உரித்துக் கொன்றதாகச் சொல்வார்கள் என்றும், இந்தியாவுக்கு வந்து பிரசங்கம் செய்ததாக ஒரு பழைய மரபு உண்டு என்றும் புத்தகத்தில் படித்திருந்ததைச் சொன்னேன். கணவர் சேர்த்துக்கொண்டார்: "மாமா, தோல் பதனிடறவங்களுக்கு இவர்தான் காவல் தெய்வம். இத்தாலிக்காரன் சொல்லுவான்." அந்தத் தோலில் தெரியும் முகம் மைக்கேலாஞ்சலோ தன்னையே வரைந்துகொண்டது என்று பலரும் கருதுகிறார்கள் என்பதையும் சொன்னோம். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டடி முன்னால் போய் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கைகள், கால்கள், முகம் என்று ஒவ்வொரு ஓரமாகப் பார்த்தார். பிறகு ஊரில் பேசுகிற அதே சத்தத்தில் சொன்னார்:

"ஒரு கத்தி வெட்டு இல்ல பாரு. முழுசா உரிச்சிருக்கான். ஒண்ணாம் நம்பர்."

காவலர் "சிலென்ட்ஸியோ!" என்று அதட்டினார். அது எங்களுக்குத்தான் என்று பையன் சத்தியம் செய்தான்.

அதற்குப் பிறகு அப்பா வேறு ஆளாகிவிட்டார். அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் ஃப்ளாரன்ஸ் போய் இறங்கியதும், தோல் விற்கிற இடம் எங்கே என்று அவரே கேட்டார். சான் லொரென்சோ சந்தைக்குக் கூட்டிப் போனோம். சந்தைக் கட்டடத்தைச் சுற்றித் தெரு முழுக்கத் தள்ளுவண்டிக் கடைகள். ஜாக்கெட், பெல்ட், பை, கையுறை. லாங் பஜாரில் கடை பரப்பினால் நடக்கிறவன் எப்படி ஒதுங்கிப் போவானோ அப்படியே இங்கும் ஒதுங்கிப் போகிறார்கள். அப்பா ஒரு ஜாக்கெட்டின் கையைப் பிடித்துத் திருப்பினார். "செம்மறி. இவன் போர்டுல ஆடுன்னு போட்டிருக்கானா?" என்று கணவரிடம் கேட்டார். வெள்ளாட்டுத் தோலில் மயிர்க்கால் வரிசை வேறு விதமாக இருக்கும், செம்மறி மெத்தென்று நெகிழும். அவருக்கு விரலே போதும். அடுத்ததை நகத்தால் லேசாக அழுத்தினார். "ரெண்டாம் நம்பர்கூட இல்ல. பெயின்ட்டு அடிச்சி மூடியிருக்கான்."

கடைக்காரர் வங்கதேசத்துக்காரர். அப்பா பேசிய தமிழ் அவருக்குப் புரியவில்லை. ஆனால் அப்பாவின் முகம் புரிந்துவிட்டது. அப்பா உருதுவுக்கு மாறினார். எங்கள் பக்கத்துத் தோல் வியாபாரத்தில் பாதி உருதுவில்தான் நடக்கும். வேலூர் உருதுவும் அந்த மனிதரின் இந்தியும் எங்கே ஒட்டிக்கொண்டன என்று தெரியவில்லை, பத்து நிமிடத்தில் அப்பாவுக்கு ஸ்டூல் போடப்பட்டது. ஜாக்கெட்டுக்கு அவர் சொன்ன விலை பாதியாகக் குறைந்தது. அப்பா வாங்கவில்லை. ஒரு யூரோ ஏறக்குறைய எண்பது ரூபாய் விற்ற சமயம். வேலூர் வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டு எங்கே போவது?

பசி எடுத்ததும் இன்னொரு ஆச்சரியம். ஒரு வண்டியில் பெரிய குண்டானில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. லாம்ப்ரெதொத்தோ என்றார்கள். மாட்டின் நான்காவது வயிற்றை வேகவைத்து, நறுக்கி, ரொட்டிக்கு நடுவில் வைத்து, ரொட்டியின் மேல் பாதியை அந்தக் குழம்பிலேயே ஒரு முக்கு முக்கி, பச்சைச் சட்னி போட்டுத் தருவார்கள். ஃப்ளாரன்ஸின் கூலிக்காரர்கள் காலம்காலமாகச் சாப்பிட்டது. இப்போது அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். குண்டானை எட்டிப் பார்த்த அப்பா முகம் மலர்ந்து, "போட்டிடா!" என்று பேரனிடம் சொன்னார். அவர் வளர்ந்த தெருவில் ஞாயிற்றுக்கிழமைக் கறி அதுதான். நான் புளியோதரையோடு நிறுத்திக்கொண்டேன். பேரனும் தாத்தாவும் நின்றபடியே சாப்பிட்டார்கள். அப்பாவின் தீர்ப்பு: வேக்காடு சரி, சுத்தம் சரி, காரம் பத்தவில்லை.

டேவிட் சிலையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய குவிமாடத்தின் 463 படிகளைப் பையனும் கணவரும் ஏறினார்கள். நானும் அப்பாவும் கீழே ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

சாந்தா குரோச்சே வட்டாரத்தைத்தான் எழுத வேண்டும். மைக்கேலாஞ்சலோ, கலீலியோ, மாக்கியவெல்லி மூவரின் கல்லறையும் உள்ள அந்தத் தேவாலயத்தைச் சுற்றியிருப்பது ஒரு காலத்தில் தோல்காரர்களும் சாயக்காரர்களும் இருந்த பகுதி. ஆர்னோ ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது, இந்த இரண்டு தொழிலுக்கும் தண்ணீர் வேண்டும். தோல் பதனிடுவோர் தெரு, சாயமிடுவோர் தெரு என்று அந்தப் பெயர்கள் இன்னும் சுவரில் கல்வெட்டாக இருக்கின்றன. நாற்றம் பிடிக்காமல் தொழிலை நகர்த்தும் பழக்கமும் அவர்களுக்கு உண்டு. பொன்டே வெக்கியோ பாலத்தின் மேல் இருந்த கசாப்புக் கடைகளை 1593-இல் ஃபெர்டினாண்டோ மெதிச்சி காலி செய்யச் சொன்னார். அவர்கள் குடும்பம் நடந்து போகும் மாடப்பாதை பாலத்துக்கு மேலேதான் போகிறது. அந்த இடம் பொற்கொல்லர்களுக்குப் போயிற்று. இன்றும் அங்கே நகைக்கடைகள்தாம்.

கணவர் அந்தத் தெருப் பெயரைப் படித்துச் சொன்னதும் அப்பா நம்பவில்லை. "நெசமாவா? தோலுக்காரன் தெருன்னா எழுதி வெச்சிருக்கான்?" பக்கத்தில் யாரோ அந்தப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பள்ளியில் படித்தபோது அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் "கம்பெனி" என்பேன். எந்தக் கம்பெனி என்று மேலே கேட்க மாட்டார்கள். கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். அப்பா என்னைப் பார்க்கப் பள்ளிக்கு வர வேண்டியிருந்தால் வேலை முடிந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, அலமாரியில் தனியாக வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார். அப்படியும் முன்வரிசையில் உட்கார மாட்டார். எங்கள் பகுதியில் டேனரி வேலை யார் செய்வது, எந்தச் சேரியிலிருந்து வருவது என்பது ஊருக்குத் தெரிந்த கணக்கு. நாற்றம் என்று ஊர் சொன்னதில் சுண்ணாம்பும் கொழுப்பும் பாதிதான். மீதிப் பாதியைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. ஷூவாகத் தைத்து டப்பாவில் போட்ட பிறகுதான் தோல் மரியாதையான பொருளாகிறது. ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களைக் காலையில் ஊர் ஊராக பஸ் வந்து ஏற்றிக்கொள்கிறது. டேனரித் தொட்டிக்கு எந்த பஸ்ஸும் வந்ததில்லை.

சாந்தா குரோச்சே மடத்துக்குள்ளேயே ஒரு தோல் பள்ளி இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் அநாதையான பையன்களுக்குக் கைத்தொழில் கற்றுத்தர பிரான்சிஸ்கன் துறவிகள் 1950-இல் தொடங்கியது; கோரி, கசினி என்ற இரண்டு தோல் வியாபாரக் குடும்பங்கள் துணை நின்றன. துறவிகள் தங்கியிருந்த நீண்ட தாழ்வாரத்தில் இப்போது மேசைகள் போட்டு வேலை நடக்கிறது. ஒருவர் வெட்டுகிறார், ஒருவர் தைக்கிறார், ஒருவர் சூடான அச்சால் தங்க ரேக்கைப் பதிக்கிறார். டூரிஸ்டுகள் கூட்டமாக வந்து மூச்சுவிடாமல் பார்க்கிறார்கள்.

கதவைத் தாண்டியதும் அப்பா நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சினார். "பட்டைத் தோலு" என்றார்.

க்ரோம் போட்ட தோலுக்கு அந்த வாசம் கிடையாது. மரப்பட்டையில் ஊறிய தோலுக்குத்தான் அந்த இனிப்பும் துவர்ப்புமான மணம். அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாமே பட்டைதான். சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிர் நீக்கி, சதை சீவி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, தொட்டி தொட்டியாக மாற்றி, கடைசியில் கடுக்காய் போட்டு, எண்ணெய் தடவி நிழலில் காயவைப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும். ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாகச் சீமைக்குப் போனது அந்தத் தோல்தான். 1970களின் தொடக்கத்தில் பாதிப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது; முழுத்தோலாக, ஷூவாக அனுப்பு என்றது. வேகம் வேண்டியிருந்தது. க்ரோம் வந்தது. வாரங்கள் எடுத்த வேலை ஒன்றிரண்டு நாளில் ட்ரம்மில் சுற்றி நீலமாக வெளியே வந்தது. தஸ்கனியில் இன்னமும் பட்டை வழியை விடாமல் வைத்திருக்கிறவர்கள் 1994-இல் தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பே அமைத்துக்கொண்டார்கள். செஸ்ட்நட், கெப்ராச்சோ, மிமோசா மரச்சாறுகள்தான் அவர்களுடைய ஆவாரம்பட்டை.

வெட்டிக்கொண்டிருந்த பெண்ணின் மேசையருகே அப்பா வெகுநேரம் நின்றார். அவள் ஒரு துண்டை அவரிடம் நீட்டினாள். மடித்து, காதருகே வைத்து, பிரித்து, தடவித் திருப்பிக் கொடுத்தார். இரண்டு விரலைக் காட்டினார். அவள் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டி ஒரு விரலைக் காட்டினாள். அப்பா ஓரத்தில் இருந்த ஒரு பொட்டை நகத்தால் தொட்டுக் காட்டினார். உண்ணிக்கடி. அவள் குனிந்து பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினாள். பதினோரு வயதுப் பையன் தன் தாத்தாவை அப்படிப் பார்த்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெளியே வந்தால் சுவரில் உயரமாக ஒரு பலகை: 1966 நவம்பர் 4, ஆர்னோ வெள்ளம் இதுவரை வந்தது. சில இடங்களில் ஆறு மீட்டருக்கும் மேலே ஏறியிருக்கிறது. நாங்கள் வாணியம்பாடியின் 1903 வெள்ளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டோம்; பாலாற்றுக்கும் அப்படி ஒரு நவம்பர் உண்டு. அந்தப் பாலாற்றில் என் பையன் அதுவரை முழங்கால் தண்ணீர்கூடப் பார்த்ததில்லை. தண்ணீர் இல்லாததற்குத் தோல் தொழில் காரணமில்லை. ஆனால் மிச்சமிருந்த கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்ததற்குக் காரணம் அதுதான். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதைக் குறிப்பிட்டு, டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் எங்கள் ஊர் பெயரில்தான் படிக்கிறார்கள். தீர்ப்பு வந்த வருடம் எங்கள் வீட்டில் இரண்டு விதமாகவும் நினைத்தோம். டேனரி மூடிக் கிடந்தபோது அப்பாவுக்குச் சம்பளம் இல்லை. டேனரி ஓடியபோது குடிதண்ணீர்க் குடத்துக்குக் காசு கொடுத்தோம்.

ஃப்ளாரன்ஸில் ஒரு ஷூ கடையில் பையனுக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. ஐரோப்பாவில் விற்கும் ஷூவில் எது எதனால் செய்தது என்று சின்னப் படம் போட்டு ஒட்ட வேண்டும் என்பது சட்டம். விரித்த தோல் வடிவம் இருந்தால் அசல் தோல், வெறும் சாய்சதுரம் இருந்தால் வேறு பொருள். மேல்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி என்று தனித்தனியாகக் காட்டும். கணவர் சொல்லிக்கொடுத்தார்: "இந்த ஸ்டிக்கரை நம்ம ஊர்லயே ஒட்டி அனுப்பறோம்டா." எந்த நாட்டில் செய்தது என்று போட வேண்டிய கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லை. பையன் கடை முழுக்க ஷூவைக் கவிழ்த்துப் பார்த்து, இது தோல், இது டூப் என்று சத்தமாக அறிவித்தான். கடைப்பெண் எங்களைப் பார்த்த பார்வையில் நாங்கள் சீக்கிரமே வெளியேறினோம்.

கடைசியாக பீசா. சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குகிற போட்டோவை எல்லோரும் எடுத்தார்கள், நாங்களும் எடுத்தோம். அதைவிட அந்த ரயில் பயணம்தான் நினைவில் இருக்கிறது. வழியில் சான் மினியாத்தோ–ஃபுசெச்சியோ என்ற நிலையம் வந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பது இத்தாலியின் பெரிய தோல் வட்டாரங்களில் ஒன்று, சாந்தா குரோச்சே சுல்லார்னோ என்ற ஊர் அங்கேதான் என்று கணவர் காட்டினார். நம் ஊரைப் போலவே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்துக் கழிவுநீரைக் கையாள்கிறார்கள் என்றார். அப்பா எழுந்து கதவருகே போய், ரயில் நின்ற அந்த நிமிடத்தில் தலையை நீட்டி மூச்சை இழுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, "ஒண்ணும் வரல. காத்து அந்தப் பக்கம் அடிக்குது போல" என்றார்.

அந்த ரயிலில் அப்பாவுக்கும் கணவருக்கும் இடையே தொடங்கிய விவாதம் சென்னை விமான நிலையத்திலும் முடியவில்லை. இப்போதும், கணவர் ஆம்பூரிலிருந்து சீக்கிரம் வந்துவிடுகிற ஞாயிறுகளில், லாங் பஜார் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. ஆவாரம்பட்டையில் மறுபடி தோல் போட வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. ஈ.ஐ. தோலுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்பார். கணவர் பொறுமையாகத்தான் பதில் சொல்வார்.

"மாமா, தோலுக்கே நாப்பது நாள் ஆகும்னு சொன்னா பையர் அடுத்த ஃப்ளைட்ல வியட்நாம் போயிடுவான்."

"அந்தூர்க்காரன்கிட்ட மட்டும் எப்படி நிக்கிறான்?"

"அங்க ஒரு பை முன்னூறு யூரோ மாமா."

"அப்ப நீங்களும் முன்னூறுக்கு வில்லுங்க மாப்ள" என்கிறார் அப்பா.